கழுவிப் பொட்டு வைத்த மூன்று ஓடுகள்

காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், இருபது வருடத்துக்கு மேலாகக் கராத்தே வகுப்பு நடத்துகிறேன். படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கியபடி கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"மாஸ்டர் இல்லீங்களா?"

"நான்தான்."

"இல்ல மேடம், மாஸ்டரு..."

"நான்தாங்க மாஸ்டர். செருப்ப அங்கிட்டுக் கழட்டிட்டு உள்ள வாங்க."

அப்படியும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே யாராவது மீசைக்காரர் ஒளிந்திருக்கிறாரா என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒருமுறை ஒரு வக்கீலிடம், "அவரு உள்ள கொழம்பு வச்சுக்கிட்டிருக்காரு. நீங்க என்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். மனிதர் மகனைச் சேர்க்காமலே இறங்கிப் போய்விட்டார். போனால் போகட்டும்.

என்னிடம் படித்துவிட்டு இப்போது தனியாக வகுப்பு எடுக்கும் சிலர், "மொத நாள் வர்றவுக கேக்குற கேள்விக்கெல்லாம் என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க மாஸ்டர்" என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுத வராது. நாலு வரி எழுதினால் எழுந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்துவிட்டுத்தான் அடுத்த வரி. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எம்புட்டு நாள்ல பிளாக் பெல்ட் வாங்கலாம்?

எழுமலையிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிளகாய் வியாபாரம். பையன் ஆறாம் வகுப்பு. உட்காரும் முன்பே கேட்டார்.

"ஒரு வருசத்துல கருப்பு பெல்ட்டு குடுத்துருவீகளா? வேறொருத்தரு ஒரு வருசம்னு சொல்லுறாரு."

"அப்ப அங்கிட்டே சேத்துருங்கண்ணே."

"என்ன இப்புடி வெடுக்குன்னு சொல்லுறீக!"

"பின்ன எப்புடிச் சொல்ல? செடியிலயே பழுத்தாத்தான பழம்? புள்ளையக் கார்பைட் கல்லு வச்சாப் பழுக்க வைக்க முடியும்?"

வியாபாரி அல்லவா, கல் வைத்துப் பழுக்கவைப்பது என்றதும் புரிந்துகொண்டார். சிரித்துவிட்டார். பையனைச் சேர்த்தார்.

இதற்கு நான் சொல்லும் பதில்: ஒழுங்காக வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் நாலைந்து வருடம். சிலருக்கு ஏழு வருடம். எனக்கே ஆறு வருடம் ஆனது. பெல்ட் இடுப்பில் கட்டுகிற துணி. அதைக் கடையில்கூட வாங்கலாம், யாரும் ரசீது கேட்கப்போவதில்லை.

2. வயசாயிருச்சே, இனிமே வளையுமா?

வளையாது. முதல் மாதம் எதுவுமே வளையாது. குனிந்தால் கை முழங்காலைத் தொடும், பாதத்தைத் தொடாது. ஆனால் மூன்றாவது மாதம் படியேறும்போது மூச்சு வாங்காது. நாற்பத்தெட்டு வயதில் சேர்ந்த ஒரு பேங்க் மேனேஜர் அம்மா இப்போது ஆரஞ்சு பெல்ட். முதல் நாள் காலைத் தூக்கும்போது புடவைக் கடைப் பொம்மை மாதிரி நின்றார். இப்போது என் இடுப்பு உயரத்துக்கு உதைக்கிறார். உதைத்துவிட்டு "ஸாரி மாஸ்டர்" என்பார். அந்த ஸாரியைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை.

3. டிரெஸ் இப்பவே வாங்கணுமா? கறி திங்கணுமா? மூக்கு உடஞ்சா யாரு கட்டிக்கிருவா?

மூன்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் டிராக் பேண்ட், டீஷர்ட் போதும். பாதிப் பேர் இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறார்கள், எதற்கு அந்த வெள்ளை உடுப்பு? கறி தின்னவேண்டியதில்லை. பருப்பு, பயறு, முட்டை, நிலக்கடலை போதும். வகுப்புக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் சாப்பிட்டிருக்க வேண்டும். இட்லியை முழுங்கிவிட்டு ஓடிவந்து தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டில் வாந்தி எடுத்தால் அவர்களேதான் துடைக்கவேண்டும். மூக்கு விஷயம்: என் மூக்கு ஒருமுறை உடைந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் இன்றுவரை என் மூக்கைப் பற்றி எதுவும் பேசியதில்லை. பயமாக இருக்கலாம்.

4. அடி படுமா?

இந்தக் கேள்விக்கு வந்துவிட்டேன். இதற்கு முன்னால் எழுந்து ஐந்து தடவை நடந்தாயிற்று.

எல்லோரும் இதைக் கேட்பார்கள். அம்மாக்கள் நேராகக் கேட்பார்கள். அப்பாக்கள், "அதெல்லாம் படத்தான் செய்யும், என்ன மேடம்?" என்று வீரமாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். இருபது வருடம் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிறேன்." அந்த வார்த்தையில் ஒரு சுகம் இருக்கிறது. சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகம் தெளியும். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஷமீமாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

ஷமீமா டவுனுக்குள் தெற்குவாசல் பக்கம். முப்பத்தி இரண்டு வயது. வீட்டுக்காரர் சவுதியில். அம்மாவும் ஒரே தங்கையும் கூட இருந்தார்கள். இவள் மெஹந்தி போடுகிறவள். கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பெண்ணுக்குக் கை நிறைய, முழங்கை வரை போட்டுவிட்டு வருவாள். வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கி நடக்கும்போது ஒருவன் பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, பல நாள். அதனால்தான் என் படி ஏறினாள். காலை பத்தரைக்கு நடக்கும் லேடீஸ் பேட்சில் சேர வந்தவள், படிவத்தை வாங்குமுன் வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, எனக்குப் பொழப்பே இந்தக் கைதான். இதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிறேன்."

"இல்லக்கா, மெஹந்திக் கோன எப்புடிப் புடிப்போம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துக் காட்டினாள். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் கோனை அமுக்கும். சுண்டு விரல் கல்யாணப் பெண்ணின் உள்ளங்கையில் ஊன்றி நிற்கும். அது ஆடாமல் நின்றால்தான் கோடு ஆடாது. "என் தங்கச்சிக்கு நிக்காஹ் பேசி முடிச்சுருக்கு. அவளுக்கு நான்தான் போடணும். சின்னப் புள்ளைலருந்து சொல்லி வச்சுருக்கா. அதான் கேக்குறேன்."

"அட, நான் இருக்கேன்ல. போய் மேட்ல நில்லு."

நின்றாள். அஞ்சு மாதத்தில் என் பேட்சிலேயே அவள்தான் சுத்தம். மெஹந்தி போடுகிறவர்களுக்குப் பொறுமையும் கணக்கும் உண்டு போல. ஒரு பஞ்சை இருநூறு தடவை போடச் சொன்னால் இருநூறும் ஒரே மாதிரி விழும். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஆசையில் ஒரு பாதி அவளுக்காக, ஒரு பாதி எனக்காக. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது கொட்டாம்பட்டி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். "ஆண்டு விழாவுல ஒரு டெமோ குடுங்க மேடம். பேரண்ட்ஸுக்குப் புடிச்சுப்போச்சுன்னா நாலாப்புலருந்து ஒம்போதாப்பு வரைக்கும் எல்லா கேர்ள்ஸுக்கும் கராத்தே பீரியட் போட்ருவோம். நீங்களே எடுங்க." என் லேடீஸ் பேட்சில் அப்போது மொத்தம் ஆறு பேர். பொம்பளை மாஸ்டர் என்று ஒதுக்கியவர்கள் எத்தனை பேர்! ஒரு பள்ளிக்கூடமே கிடைக்கிறது என்றால் சும்மாவா? வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கால் தரையில் நிற்கவில்லை.

டெமோ என்றால் ஓடு உடைப்பு இல்லாமல் இருக்காது. கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அடிவரிசை, செய்தால் ஜனங்கள் போனைப் பார்ப்பார்கள். ஓடு உடைந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சில மாஸ்டர்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். மேடையில் உடைக்கும் ஓடு, கூரையில் கிடக்கும் ஓடு இல்லை. கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடை குறைந்ததை எடுப்போம். நாலு நாள் மொட்டைமாடி வெயிலில் போடுவோம். பிறகு தெரிந்த பேக்கரிக்காரரிடம் கொடுத்து, ரொட்டி எடுத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்து எடுப்போம். ஈரம் பொட்டு இருக்காது. ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் இடையில் சின்ன மரத்துண்டு வைத்து இடைவெளி விடுவோம். அதற்கப்புறம் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அடிக்கத் தெரியவேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் நினைக்கிற அளவு இல்லை.

ஷமீமாவிடம் இதைச் சொல்லவில்லை. வகுப்பில் அந்த மாதிரி ஓடுகளை வைத்து மூன்று தடவை உடைக்க வைத்தேன். முஷ்டியின் அடிப்பக்கத்தால், சுத்தியல் இறங்குவது மாதிரி. மூன்று தடவையும் உடைந்தது. "அக்கா! என் கையாக்கா இது!" என்று குதித்தாள். அவளுக்குத் தைரியம் வரட்டும், எதற்கு அதைக் கெடுக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா அன்று காலை ஒன்பது மணிக்கே ஓடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேனில் போய் இறங்கிவிட்டோம். என் உதவியாளர் கருப்பசாமி, பிரவுன் பெல்ட், செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், சாக்கை மேடைக்குப் பின்னால் இறக்கி வைத்தான். பிறகு ஒத்திகை, மேட் விரிப்பது, மைக் டெஸ்ட், சாப்பாடு என்று நேரம் ஓடிவிட்டது. எங்கள் நிகழ்ச்சி மூன்று மணிக்கு. இருபது நிமிடம் இருக்கும்போது ஓட்டை எடுக்கப் போனேன்.

ஒரு மேசையில் மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் ஓடுகள் வரிசையாக இருந்தன. செக்கச்செவேலென்று, பளபளவென்று. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பக்கத்தில் பள்ளிக்கூடத்து ஆயாம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"ஒரே தூசியும் கரியுமா கெடந்துச்சு டீச்சர். மேடையேறுற சாமான, அப்புடியேவா வைக்கிறது? அண்டாத் தண்ணில ஊறப் போட்டு, நாரு வச்சுத் தேச்சுக் கழுவிட்டேன்."

"எம்புட்டு நேரம் ஊறுச்சு?"

"நீங்க வந்து எறக்குனதும் போட்டேன். சாப்பிட்டுத்தான் எடுத்தேன்."

அவரை என்ன சொல்ல முடியும்? ஆயுத பூஜைக்கு எங்கள் கம்புக்கும் உதைத்துப் பழகும் கிக் பேகுக்கும் நாங்களே பொட்டு வைக்கிறோம். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஒரு ஓட்டைத் தூக்கினேன். கனத்தது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். காய்ந்த ஓடு கணீரென்று பேசும். இது டொக்கென்றது.

கருப்பசாமியும் தூக்கிப் பார்த்தான். உடனே கீழே வைத்துவிட்டான்.

"மாஸ்டர், ஓடு வேணாம். கட்டா மட்டும் பண்ணிட்டு எறங்கிருவோம்."

"சும்மா இருடா."

"இல்லாட்டி ஒண்ணே ஒண்ணு வைப்போம். அந்தக்கா கை மாஸ்டர்..."

அதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். "அடுத்ததாக, மூன்று ஓடுகளை ஒரே அடியில் உடைத்துக் காட்டப்போகிறார் நமது சிங்கப்பெண்!" கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் தாளாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குக் காது இரைந்தது.

"வைடா. மூணையும் வையி."

வைத்தான். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஷமீமா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"பொட்டெல்லாம் வச்சுருக்காங்க. அடிக்கலாம்லக்கா?"

"நீ சும்மா தட்டு. ஒடஞ்சுரும்."

தட்டினாள். மேல் ஓடு இரண்டாகப் போனது. கீழே இரண்டும் அப்படியே இருந்தன. கடைசி வரிசையில் பையன்கள் 'ஓ' என்று கத்திச் சிரித்தார்கள். ஷமீமா கையை ஒரு தரம் உதறினாள். முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தாள். போதுமா என்று கேட்கிற பார்வை. அதைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. 'போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது.

நான் தலையை ஆட்டினேன். அடி என்று.

அடித்தாள். இந்தத் தடவை முழு உடம்பையும் இறக்கி அடித்தாள். இரண்டு ஓடும் நொறுங்கின. விசில் பறந்தது. தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார். ஷமீமா சிரித்த முகத்தோடு கூட்டத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினாள். மேடைக்குப் பின்னால் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை வீங்க ஆரம்பித்திருந்தது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் வைத்துக் காட்டினார். "சுண்டு விரலுக்குக் கீழ இருக்குற எலும்பு ஒடஞ்சிருக்கு. ஆறு வாரம் மாவுக்கட்டு."

ஷமீமா இடது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள், "நிக்காஹுக்கு அஞ்சு வாரம்தானக்கா இருக்கு."

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்பு உறுதி என்றார்கள். நான் சரி என்றேன்.

அதற்கப்புறம் எனக்கு நிலைகொள்ளவில்லை. வகுப்பு எடுக்கும்போது எண்ணிக்கையை மறந்துவிடுவேன். எட்டுக்கு அப்புறம் மறுபடி ஆறு சொல்வேன். வீட்டில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டிருப்பேன். காரணமில்லாமல் கருப்பசாமியைத் திட்டினேன். அவன் பாட்டுக்கு மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக. அவள் அம்மா டீ கொடுத்தார். ஷமீமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"நான் யோசிச்சுப் பாத்தேங்க்கா. தப்பு என்மேலதான். மணிக்கட்டு சாஞ்சிருச்சு. கிளாஸ்ல நீங்க அம்புட்டுத் தடவ சொன்னீங்க, நேரா வையி நேரா வையின்னு. கூட்டத்தப் பாத்ததும் பதறிட்டேன். அப்புடித்தான?"

டீ டம்ளர் சூடாக இருந்தது. நான் சொன்னேன்:

"ஆமா. கொஞ்சம் சாஞ்சிருச்சு."

ஓடு நனைந்ததை மறைத்தது ஒரு தப்பு. தலையை ஆட்டியது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் இந்த மூன்று வார்த்தை இருக்கிறதே, இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே ஓங்கி அறையவேண்டும் போல் இருக்கிறது. அவள் மணிக்கட்டு சாயவே இல்லை. அன்று மேடையில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

நிக்காஹுக்கு முந்தின நாள் மத்தியானம் மெஹந்தி. என்னை அவசியம் வரவேண்டும் என்று நாலு தடவை போன் செய்தாள். போனேன். மாடி முழுக்கப் பெண்கள். தங்கை நடுவில் கையை நீட்டி உட்கார்ந்திருக்க, வேறு ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஷமீமா. "அந்தக் கொடிய இன்னும் கொஞ்சம் ஒடுக்கு. இல்ல இல்ல, உள்பக்கமா." வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வலது கை கட்டுக்குள்ளேயே அசைந்துகொண்டிருந்தது. அந்தத் தங்கை வரைகிறவளைப் பார்க்கவில்லை. அக்காவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் ஷமீமா எழுந்து வந்து, "இவுங்கதான் என் மாஸ்டர்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பிறகு, "ஒரு நிமிசம் வாங்கக்கா, ஒண்ணு காட்டணும்" என்று மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனாள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு துணியை விலக்கினாள். புது ஓடு. மூன்று. கடையிலிருந்து அப்படியே வந்தவை.

"பக்கத்து வீட்டுத் தம்பியொருத்தன விட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன். கட்டுப் பிரிச்சதும் வீட்லயே பழகப்போறேன். இந்தத் தடவ மணிக்கட்டு சாயாது. உங்க முன்னாடி ஒரே அடில மூணையும் ஒடச்சுக் காட்டுறேன் பாருங்க."

இப்போதுதான் கூடிவரும் எலும்பு. வெயிலிலும் காயாத, அடுப்பிலும் வைக்காத மூன்று ஓடு. அடிக்க மாட்டாள் என்று சொல்ல முடியாது. இருநூறு பஞ்ச் என்றால் இருநூறும் போடுகிறவள்.

"அடிக்காத" என்றேன்.

"ஏங்க்கா?"

சொன்னேன். அங்கேயே, படியில் நின்றபடியே. பேக்கரி அடுப்பு, மரத்துண்டு, ஆயாம்மா, அண்டா எல்லாம் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்.

"ஓடு நனஞ்சுருந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ மேடையேறுறதுக்கு முன்னாடியே."

"மொத தடவ அடிச்சுட்டு உங்களப் பாத்தேனே. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"வீட்டுக்கு வந்தப்ப, சாஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே."

"சாயல ஷமீமா. நீ சரியாத்தான் அடிச்ச."

மேலேயிருந்து தங்கை கூப்பிட்டாள். "அக்கா, இங்க வந்து பாரு. இது சரியா இருக்கா?" ஷமீமா துணியை எடுத்து ஓடுகளை மூடினாள். என்னைப் பார்க்காமல் மேலே ஏறிப் போனாள். நான் கீழே இறங்கி, வெளியே வந்து, ஸ்கூட்டர் எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் அந்தத் தெருவில் இரண்டு தடவை நடந்தேன்.

தாளாளரிடமும் போய்ச் சொன்னேன். "அட விடுங்க மேடம், எல்லாரும் பண்றதுதான" என்று சிரித்தார். அந்த வகுப்பு இன்னமும் நடக்கிறது. நான்தான் எடுக்கிறேன். விட்டிருக்கவேண்டுமோ என்று வாரத்துக்கு ஒரு தடவை தோன்றும். அந்தப் பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள், அதனால் போகிறேன். ஓடு உடைப்பை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு சுண்டு விரல் முன்போல ஊன்றவில்லை. ஷமீமா மணிக்கட்டை ஊன்றி வரையப் பழகிக்கொண்டாள். முன்பு ஒரு கைக்கு ஆன நேரத்தில் இப்போது பாதிதான் முடிகிறது. ஒரு நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை.

கட்டுப் பிரித்த மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, படியேறி வந்து மேட்டில் நின்றாள். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் எதுக்குக் கராத்தேய விடணும்?"

ஆக, அடி படுமா என்று கேட்டால் இப்போது நான் சொல்லும் பதில்: படும். முதல் மாதம் முழங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். ஸ்பேரிங், அதாவது ஆளோடு ஆள் மோதிப் பழகுவது, ஆரம்பித்தால் கை, கால், விலா கன்றும். விரல் பிசகலாம். எப்போதாவது எலும்பும் போகும். உங்கள் கை எதற்கு வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், தைக்கவா, வீணை வாசிக்கவா, ஊசி போடவா. அதற்கு ஏற்ற மாதிரி எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். வலித்தால் நிறுத்துங்கள். நான் அடி என்று சொன்னாலும் நிறுத்துங்கள். இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். இளைய மாஸ்டர்களே, 'நான் பாத்துக்கிறேன்' என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நாம் என்னத்தைப் பார்ப்போம் என்று எனக்குத் தெரியும்.

5. அவுங்க மட்டும் ஏன் குனியல?

இது புதிய கேள்வி. முன்பு இருந்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று மாஸ்டருக்குக் குனிந்து மரியாதை செய்வார்கள். மாஸ்டரும் குனிவார். ஷமீமா இப்போது கிரீன் பெல்ட். முன்வரிசையில் நிற்கிறாள். அத்தனை பேரும் குனியும்போது அவள் மட்டும் கையைத் தொடையோடு வைத்து நேராக நின்று என்னைப் பார்ப்பாள். நான் அவளுக்கும் சேர்த்துத்தான் குனிகிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் புது ஆட்கள் இதைக் கவனித்துவிடுகிறார்கள். குரலைத் தணித்துக் கேட்பார்கள்.

"அந்தப் பொண்ணு மட்டும் ஏன் மேடம் குனியல? அவுங்க ஆளுகள்ல அப்புடிக் குனிய மாட்டாங்களோ?"

கேள்வியிலேயே எனக்குப் பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் பாருங்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். தலையை ஆட்டுவது எனக்குக் கஷ்டமும் இல்லை.

"இல்லம்மா," என்கிறேன். "மொத அஞ்சு மாசம் எல்லாரையும் விட நல்லாக் குனிஞ்சவ அவ. இப்பவும் எதுத்து நின்னு சண்டை போடுறவளுக்குக் குனிவா. எனக்குத்தான் குனிய மாட்டா. உக்காருங்க, ஏன்னு சொல்லுறேன்."

சொல்கிறேன். ஓடு, அண்டா, மைக், தலையாட்டியது, டீ டம்ளர் எல்லாம். சிலர் கேட்டுவிட்டுப் படிவம் வாங்குகிறார்கள். சிலர் செருப்பைத் தேடுகிறார்கள்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஷமீமா மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிக் பேகை உதைத்துக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் எதையாவது விட்டுவிட்டால் மட்டும் உதைப்பதை நிறுத்துவாள். போன வாரம் அப்படி உதைக்கிற சத்தம் நின்றுவிட்டது. வந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.